பூனைக்கும் நெஞ்சு படபடக்கும்

பூனைக்கு ஈ.சி.ஜி. எடுத்த கதை எங்கூர் டீக்கடைக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சுங்க. இன்னும் ஓயல. "மாட்டு வைத்தியத்துக்கே காசில்லீங்கறான், பூனைக்கு நெஞ்சு பார்க்கப் போறான்"னு பெரியவர் ஒருத்தர் சொல்ல, கடையே சிரிச்சுது. நானும் சேர்ந்துதான் சிரிச்சேன். ஆனா இதுல சொல்ல வேண்டிய சங்கதி கொஞ்சம் இருக்கு. ஒரு டீ குடிக்கிற நேரத்துல சொல்லி முடிக்க முடியாதுங்கறதால இங்க எழுதறேன்.

என் அபிப்பிராயத்தை முதல்லயே சொல்லிடறேன். பூனையோட நெஞ்சு தாறுமாறா வேகமெடுத்து அடிக்கிறது ஒரு நோய். அந்த நோயில சாகிற பூனைகளை நாம விஷம், பாம்புக்கடி, கண்ணேறுன்னு கணக்கெழுதிட்டுக் குழி தோண்டிப் புதைச்சுட்டு வந்துடறோம். அதனால பூனையும் போகுது, சில சமயம் பக்கத்து வீட்டு உறவும் போகுது. இதைக் கொஞ்சமாவது மாத்த முடியும். அதுக்குப் பெரிய செலவுகூட ஆகாது.

மொதல்ல எது வேகம், எது வேகமில்லைன்னு பார்த்துடலாம். மனுஷனுக்குச் சும்மா உக்காந்திருக்கும்போது நாடி நிமிஷத்துக்கு 60லிருந்து 100. மாட்டுக்கு 50லிருந்து 80. டாக்டர் வந்தா வாலைத் தூக்கி அடியில விரல் வெச்சு எண்ணுவாரே, அதுதான். ஆட்டுக்கு 70லிருந்து 90. யானைக்கு முப்பதுதான்னு படிச்சிருக்கேன். உடம்பு சின்னதாக ஆக நெஞ்சு வேகமாகும், கோழிக்கு 250க்கு மேலயே போகும். பூனைக்கு மருந்தகத்து மேசை மேல வெச்சு எண்ணினா 140லிருந்து 220 வரைக்கும் சரிதான். வீட்டுல நிம்மதியா சுருண்டு படுத்திருக்கும்போது இதைவிடக் குறையும்.

சிக்கலே இங்கதான் இருக்குதுங்க. பூனை நெஞ்சுல கை வெச்சா எப்பவுமே படபடன்னுதான் இருக்கும். கடிகாரம் வெச்சு எண்ணாத வரைக்கும் 180க்கும் 280க்கும் நம்ம கைக்கு வித்தியாசம் தெரியாது. "பூனைன்னா அப்படித்தான் அடிக்கும்"னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிடுவோம். அந்தப் பேச்சு பாதி நிசம், அதனாலதான் ஆபத்து.

வேகமா அடிச்சா என்ன கெட்டுப்போச்சுன்னு கேக்கலாம். நல்லா ரத்தம் ஓடும்தானேன்னு எங்க பையனே கேட்டான். எங்க அப்பச்சி காலத்துல கவலை ஓட்டித்தான் தண்ணி இறைச்சாங்க. மாடு பின்னால வரும்போது சால் கெணத்துக்குள்ள இறங்கும், தண்ணியில முங்கும், நிறையும். அப்புறம் மாட்டை முன்னால ஓட்டினா சால் மேல வந்து வாய்க்கால்ல கொட்டும். நிறையறதுக்கு முன்னாலயே மாட்டை அதட்டி ஓட்டினா என்ன ஆகும்? கால் சால் தண்ணிதான் மேல வரும். மாடும் களைச்சுப் போகும், வடக்கயிறும் தேயும், கடைசிப் பாத்தி காஞ்சு கெடக்கும். நெஞ்சும் அப்படித்தான். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல கெடைக்கிற ஓய்வுலதான் அது ரத்தத்தை நிரப்பிக்குது. அந்த ஓய்வைப் பிடுங்கிட்டா அடிக்கிறது நெறைய, அனுப்புறது கொஞ்சம். மூளைக்குப் போற ரத்தம் குறைஞ்சா பூனை மயங்கி விழும். ரொம்ப நாள் இப்படியே ஓடினா நெஞ்சுத் தசையே தளர்ந்து போகும்.

வேகத்துலயும் ரெண்டு விதம் இருக்குங்க. நெஞ்சு நல்லா இருந்து, வெளியில இருந்து ஏதோ அதை விரட்டறது ஒண்ணு. நாய் துரத்தினா, காய்ச்சல் வந்தா, வலி இருந்தா, உடம்புல தண்ணி வத்திப்போனா, ரத்தம் கொறைஞ்சா நெஞ்சு வேகமெடுக்கும். அது நோயில்ல, உடம்பு தன்னைக் காப்பாத்திக்கறதுக்குப் பண்ற வேலை. காரணத்தைச் சரி பண்ணினா வேகம் தானா இறங்கும். பத்து வயசைத் தாண்டின பூனைக்குத் தைராய்டு கூடினாலும் இப்படி ஆகும். நல்லாத் திங்கும், ஆனா எலும்பும் தோலுமா ஆயிடும், ராத்திரியெல்லாம் கத்திக்கிட்டு நிலை கொள்ளாம அலையும். வயசாச்சுன்னு நாம விட்டுடுவோம்.

ரெண்டாவது விதம், நெஞ்சுக்குள்ளயே இருக்கிற ஓயரிங் கோளாறு. நெஞ்சைத் துடிக்க வைக்கிற ஸ்டார்ட்டர் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும், வலது மேலறையில. அதை விட்டுட்டு வேற ஒரு இடமும் உத்தரவு போட ஆரம்பிச்சா, ஏருல பூட்டின மாட்டை ரெண்டு பேர் ரெண்டு பக்கம் நின்னு அதட்டற கதைதான். உத்தரவு மேலறையில இருந்து வந்தா ஒரு பேரு, கீழறையில இருந்து வந்தா ஒரு பேரு. கீழறையில இருந்து வர்றதுதான் பொல்லாதது. நல்லா நடந்துட்டிருந்த பூனை நின்ன இடத்துல விழுந்து செத்துப் போறது பெரும்பாலும் அதனாலதான் இருக்கும்னு டாக்டர் சொன்னார். மேலறை ஒழுங்கில்லாம நடுங்குற வகை மனுஷனுக்கு நெறைய வரும், பூனைக்கு அபூர்வம். பூனையோட மேலறை அவ்வளவு சின்னது, நடுங்கறதுக்கே எடம் பத்தாது. வந்துச்சுன்னா மேலறை ரொம்பப் பெருத்துப் போயிருக்குன்னு அர்த்தம்.

இந்த ஓயரிங் கோளாறுக்குப் பின்னால பல சமயம் நெஞ்சுச் சுவர் தடிக்கிற நோய் இருக்கும். பூனைகளுக்கு வர்ற நெஞ்சு நோய்கள்ல அதிகம் வர்றது அதுதான். சாலோட சுவர் உள்பக்கமா தடிச்சுக்கிட்டே வந்தா தண்ணி பிடிக்கிற எடம் குறையுமில்லீங்களா, அதே மாதிரி. இங்கிலாந்துல காப்பகங்கள்ல இருந்த, பார்க்க ஆரோக்கியமாத் தெரிஞ்ச பூனைகளுக்கு எக்கோ எடுத்துப் பார்த்து 2015ல எழுதியிருக்காங்க. அதுல சுமார் 15 சதவீதப் பூனைகளுக்கு இந்தத் தடிப்பு இருந்திருக்கு. மெய்ன் கூன்ங்கற சாதிப் பூனைக்கு இது பரம்பரையா வர்றதுக்கான மரபணுக் கோளாறை 2005லயே கண்டுபிடிச்சுட்டாங்க. அதைக் கேட்டுட்டு "காசு குடுத்து வாங்கற சாதிப் பூனைக்குத்தான் வரும், நம்ம நாட்டுப்பூனை கெட்டி"ன்னு ஒருத்தர் எங்கிட்ட வாதம் பண்ணினார். காப்பகத்துல கெடந்ததெல்லாம் பெரும்பாலும் சாதாரணக் கலப்புப் பூனைகதானுங்க.

எங்க வீட்டுல இருக்கிறது சாம்பி. சாம்பல் நெறம், ஏழு வயசு. மஞ்சள் கெடங்குலயே பொறந்து கெடங்குலயே வளர்ந்தது. ஆத்தாதான் மொதல்ல கவனிச்சாங்க. "இவ அட்டாலிக்கு ஏறறதே இல்லியே கண்ணு"ன்னாங்க. அப்புறம் ஒரு நாள் காம்பவுண்டுச் சுவர் மேல நடந்து வந்தவ சடக்குன்னு சரிஞ்சு கீழ விழுந்தா. பத்து எண்ணறதுக்குள்ள எந்திரிச்சு, ஒண்ணும் நடக்காத மாதிரி காலை நக்கிக்கிட்டு உக்காந்துட்டா. பக்கத்துல இருந்தவங்க வலிப்புன்னாங்க. வலிப்பு வந்தா கை கால் இழுக்கும், வாயில நுரை தள்ளும், தெளிஞ்ச பொறவும் கொஞ்ச நேரம் மந்தமாத் திரியும். இது விழுந்தது, எந்திரிச்சது, அவ்வளவுதான். விழுந்த உடனே நெஞ்சுல கை வெச்சேன். எண்ண முடியலீங்க. துடிப்புன்னே சொல்ல முடியாது, தேன்கூட்டுல காது வெச்ச மாதிரி ஒரே ரீங்காரம்.

கொண்டு போன முதல் இடத்துல, எந்த இடம்னு சொல்ல வேண்டாம், "பூனையா? இங்க மாடு, ஆடுதாங்க பார்க்கறோம்"னு சொல்லி நோட்டுல பேர்கூட எழுதல. அவங்களை நான் முழுசாத் தப்பு சொல்ல மாட்டேன். அன்னைக்கு வெளியில பதினஞ்சு மாடு நின்னுது, இருந்தது ஒரே டாக்டர். ஆனா வேற எங்க போறதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாங்களா விசாரிச்சுத்தான் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். பழக்கூடையில துணி போட்டு, மேல துண்டை மூடி, ரெண்டு பஸ் மாறி.

அங்க ஒரு இளவயசு டாக்டரம்மா. சாம்பியை மல்லாத்தல, அமுக்கல. பக்கவாட்டுல படுக்க வெச்சு, கால்கள்ல சின்னக் கிளிப்பு மாட்டி, தண்ணி தொட்டு ஈரம் பண்ணி எடுத்தாங்க. அஞ்சு நிமிஷம். மனுஷனுக்கு எடுக்கிற அதே பெட்டிதானுங்க. பூனைத் துடிப்பு நெருக்கமா வர்றதால காகிதத்தை ரெண்டு மடங்கு வேகத்துல, நொடிக்கு 50 மில்லிமீட்டர்ல ஓட விடறாங்க. மொதல்ல 190ன்னு ஒழுங்கா ஓடின கோடு, எந்த முன்னறிவிப்பும் இல்லாம சடார்னு 300ஐத் தாண்டிப் போச்சு. கொஞ்ச நேரத்துல அதே மாதிரி சடார்னு எறங்குச்சு. "பயத்துல வர்ற வேகம் படிப்படியா ஏறி படிப்படியா எறங்கும். இது சுவிட்சு போட்டு அணைச்ச மாதிரி வருது பாருங்க"ன்னு காகிதத்தைக் காட்டிச் சொல்லிக் குடுத்தாங்க. எனக்கு அந்த ஒரு வார்த்தையில வெளங்குச்சு. மேலறையில இருந்து கிளம்பற வகை. எக்கோவுல சுவரும் கொஞ்சம் தடிச்சிருந்துது.

மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. ரத்தக் கொதிப்புக்கு மனுஷங்க சாப்பிடற அட்டெனலால்தான், அதுல ஒரு துணுக்கு. இதைப் படிச்சுட்டு யாரும் தாத்தாவோட மாத்திரை டப்பாவைத் தொறந்துடாதீங்க. நெஞ்சுக்குள்ள தண்ணி கோத்திருக்கிற பூனைக்கு இதைக் குடுத்தா கதை முடிஞ்சுடும். எது எதுக்குன்னு கோடும் எக்கோவும் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதே மாதிரி, தடிப்பு மட்டும் இருந்து தொந்தரவே இல்லாத பூனைக்கு இந்த மாத்திரையைக் குடுத்து ஆயுள் கூடினதா நிரூபணம் இல்லைன்னும் டாக்டரம்மாவே சொன்னாங்க. எல்லாப் பூனைக்கும் மாத்திரை வாங்கி ஊட்டுங்கன்னு நான் எழுத வரலீங்க. சாம்பி மயங்கி விழுந்தா, அதனால அவளுக்கு வேணும். அட்டை ஒண்ணு ரெண்டு டீ காசுக்கு வருது. சிரமம் மாத்திரையை முழுங்க வைக்கிறதுலதான். எங்க வீட்டுக்காரம்மா மீன் துண்டுக்குள்ள பொதிச்சு வெப்பாங்க, மீனைத் தின்னுட்டு மாத்திரையைத் துப்பி வெச்சிருப்பா.

இப்ப விஷத்துக்கு வர்றேன். எங்கூர்ல ரெண்டு குடும்பம் நாலு வருஷமாப் பேசிக்கறதில்லீங்க. காரணம் ஒரு பூனை. ஒரு வீட்டுப் பூனை ராத்திரி அலறிக்கிட்டே வந்து, பின்னங்கால் ரெண்டையும் இழுத்துக்கிட்டு வாசல்ல விழுந்துது. விடியறதுக்குள்ள செத்துப்போச்சு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் கோழிக்குஞ்சு காணாமப் போன கோவத்துல கட்டையால அடிச்சுட்டாருன்னு இவங்க சொல்ல, அவர் சத்தியம் பண்ண, பேச்சு வளர்ந்து வரப்புத் தகராறு வரைக்கும் போயிடுச்சு. அடிச்சாரா இல்லையா, எனக்குத் தெரியாது. ஆனா இந்த நெஞ்சு நோயிலயே அப்படி ஒண்ணு நடக்கும். மேலறை பெருத்து ரத்தம் தேங்கினா அங்க கட்டி உறையும். அந்தக் கட்டி கழண்டு ஓடி, பின்னங்கால்களுக்கு ரத்தக்குழாய் ரெண்டாப் பிரியற எடத்துல போய் அடைச்சுக்கும். வாய்க்கால் கவையில வாழைமட்டை அடைச்ச மாதிரி. பூனை வலி தாங்காம அலறும், பின்னங்கால் ரெண்டும் செத்துப் போகும், தொட்டா சில்லுன்னு இருக்கும், பாதத்துக்கடியில இருக்கிற மெத்தை வெளுத்தோ நீலமாவோ போயிருக்கும். அடிபட்ட காலா இருந்தா காயமோ வீக்கமோ இருக்கும், சில்லுன்னு ஆகாது. இந்த ஒரு வித்தியாசத்தை அன்னைக்கு யாராவது தொட்டுப் பார்த்திருந்தா, வரப்புல வேலி முளைச்சிருக்காதோ என்னவோ.

இன்சூரன்ஸ் பண்ணின மாடு செத்தா பிரேதப் பரிசோதனை பண்ணிச் சான்று வாங்கறோம். பூனைக்கு யார் பண்ணுவா? அதனால ஊர் வாய்க்கு வந்ததுதான் காரணம்.

நிசமான விஷமும் உண்டு, அதை மறைக்க முடியாது. மஞ்சள் கெடங்குலயும் தென்னந்தோப்புலயும் நாம வெக்கிற எலி கேக் இருக்குதே, அதைத் தின்ன எலி உடனே சாகாது. நாலஞ்சு நாள் தள்ளாடிக்கிட்டுத் திரியும். பூனைக்கு அதைவிட லேசான வேட்டை கெடைக்குமா? அப்படிப்பட்ட எலியை அடுத்தடுத்துப் பிடிச்சுத் தின்ன பூனைக்கு ரத்தம் உறையாமப் போகும், உள்ளுக்குள்ளயே கசியும். ஈறு வெளுத்துப் போகும், ரத்தம் போதாததால நெஞ்சு வெரட்டி வெரட்டி அடிக்கும். இது மொதல்ல சொன்ன வகை, ஓயரிங் நல்லாத்தான் இருக்கு. இதுக்கு மாத்து இருக்கு, வைட்டமின் கே. நேரத்துக்குக் கொண்டு போனா பொழைக்கும். பூனை வெச்சிருக்கிற வீட்டுல எலி கேக் வெக்கிறது என்ன ஞாயம்னு எனக்குப் புரியறதே இல்ல. வேலைக்கு ஆளையும் வெச்சுட்டு அவன் சாப்பாட்டுலயே மருந்தைக் கலக்கற மாதிரி இருக்கு. வெச்சே ஆகணும்னா, செத்த எலியைப் பொறுக்கிக் குழியில போட்டு மூடுங்க. பொட்டலத்தைத் தூக்கிப் போடாதீங்க, பூனையைத் தூக்கிட்டுப் போகும்போது அதையும் கொண்டு போனாத்தான் டாக்டருக்கு எந்த மருந்துன்னு தெரியும்.

குட்டிக தெள்ளுப்பூச்சியாலயும் கொக்கிப்புழுவாலயும் ரத்தம் வத்தி இதே மாதிரி படபடப்போட வரும். அதுக்கும் ஈறைப் பார்த்தாலே தெரியும். ஆனா தெள்ளு அடிக்கிறேன்னு மாட்டு உண்ணிக்கு வாங்கின தெளிப்பு மருந்தைப் பூனை மேல அடிக்கிறாங்க பாருங்க, அது கொலை. மாடு தாங்கும், நாய்கூடத் தாங்கும், பூனையோட ஈரல் அந்த மருந்துகளை உடைக்காது. நடுங்கி நடுங்கிச் சாகும். பாராசிட்டமாலும் அப்படித்தான். காய்ச்சலடிக்குதுன்னு பாவம் பார்த்து ஒரு மாத்திரை குடுப்பாங்க. பூனைக்கு அந்த ஒண்ணே போதும். ஈறு பழுப்பாகும், மூஞ்சியும் பாதமும் வீங்கும், மூச்சு எரைக்கும், நெஞ்சு பறக்கும். அப்ப வந்து "காய்ச்சல் முத்திப் போச்சு"ன்னு சொல்லுவாங்க.

சாப்பாட்டைப் பத்தி ஒண்ணு சொல்லணும். இதுல எனக்குக் கோவம் வர்றவங்க நெறைய. "எங்க பூனை சுத்த சைவமுங்க, பால்சோறும் தயிர்சோறும்தான்"னு பெருமையாச் சொல்லுவாங்க. பூனை விரதம் எடுத்துக்கலீங்க, நீங்கதான் எடுத்து வெச்சிருக்கீங்க. டாரின்னு ஒரு சத்து. நம்ம உடம்பு அதைத் தானா செஞ்சுக்கும், பூனை உடம்பு போதுமான அளவு செஞ்சுக்காது. கறியில, மீன்ல, எலியில இருந்துதான் வரணும். அரிசியில கெடையாது, பால்ல பேருக்குத்தான் இருக்கு. 1987ல அமெரிக்காவுல கலிபோர்னியாவுல டேவிஸ் பல்கலைக்கழகத்து பால் பியான்ங்கற டாக்டர், இந்தச் சத்து கொறைஞ்சா பூனையோட நெஞ்சு பலூன் மாதிரி ஊதித் தளர்ந்து போகுதுன்னு கண்டுபிடிச்சுச் சொன்னார். சத்தைக் குடுத்ததும் பல பூனைக தேறிச்சுது. அதுக்கப்புறம்தான் கம்பெனிக்காரங்க பூனைத் தீனியில டாரினைக் கூட்டிப் போட ஆரம்பிச்சாங்க, அந்த வகை நெஞ்சு நோயும் அங்கெல்லாம் அபூர்வமாயிடுச்சு. தளர்ந்த நெஞ்சுலயும் துடிப்பு தாறுமாறாப் போகும். கெடங்குல எலி பிடிச்சுத் தின்ற பூனைக்கு இந்தக் கொறை வராது. கதவைச் சாத்தி வீட்டுக்குள்ளயே வளர்க்கிற பூனைக்குத்தான் வரும். கவுச்சி ஆகாத வீடா இருந்தா கடையில விக்கிற தீனியாவது வாங்கிப் போடுங்க. மத்தவங்க கோழி வாங்கும்போது அதோட நெஞ்சை எடுத்து வெங்காயம், பூண்டு, மசாலா எதுவும் போடாம வேக வெச்சு, அந்தத் தண்ணியோட சேர்த்துப் போடுங்க. டாரின் வேகும்போது தண்ணியில எறங்கிடும், தண்ணியைக் கீழ ஊத்தினா சத்தும் போச்சு. வெங்காயம் வேண்டாங்கறதும் சும்மா இல்ல. வெங்காயமும் பூண்டும் பூனையோட ரத்தச் செல்லை உடைக்கும். ரத்தம் கொறைஞ்சா நெஞ்சு ஓடும், திரும்ப அதே கதைதான்.

செலவு விஷயம் பேசாம விட முடியாது. சாம்பிக்கு ஆன செலவுல ரெண்டு மூட்டை தீவனம் வாங்கியிருக்கலாம்னு எங்க மாமா கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரிதான். ஆனா அந்தக் கணக்குல எதிர்ப்பக்கம் எழுதலியே மாமான்னேன். குரும்பையைக் கடிச்சுத் தள்ளற எலி, நெல்லுல குருத்தை அறுக்கிற எலி, சாக்கை ஓட்டை போடற எலி, எல்லாத்துக்கும் மேல எலிக்காய்ச்சல். சேத்துல வெறுங்காலோட நிக்கிற நம்ம ஆளுகளுக்குத்தான் அது மொதல்ல வரும். பூனை மட்டும் இதையெல்லாம் ஒழிச்சுடும்னு சொல்ல மாட்டேன், அப்படிச் சொன்னா பொய்யாயிடும். ஆனா தோட்டத்துல காவக்கார நாய்க்கு ஒரு எடம் இருக்கிற மாதிரி கெடங்குப் பூனைக்கும் ஒரு எடம் இருக்கு. அதைச் செல்லப் பிராணின்னு சொல்லி டவுன்காரங்க கணக்குல தள்ளிவிட்டதாலதான் மருந்தகத்து நோட்டுல அதுக்கு வரி இல்லாமப் போச்சு.

செலவே இல்லாமச் செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. இந்தப் பதிவுல மத்ததெல்லாம் மறந்துட்டாலும் பரவாயில்ல, இதை மட்டும் செஞ்சு பாருங்க. பூனை நல்லாத் தூங்கும்போது தொடாம, எழுப்பாம, அதோட விலா ஏறி எறங்கறதை எண்ணுங்க. ஏறி எறங்கினா ஒண்ணு. ஒரு நிமிஷம் முழுசா எண்ணணும். 30க்குக் கீழ இருந்தா நிம்மதி. ரெண்டு மூணு நாள் சேர்ந்தாப்புல 30க்கு மேலயே இருந்தா டாக்டரைப் பார்க்கணும். நெஞ்சு முடியாமப் போனா அடுத்துத் தண்ணி கோக்கிறது நெஞ்சாங்கூட்டுலதான். மாட்டுக்கு மடி வீங்கினா போடறாங்களே ஃப்யூரோசமைடு ஊசி, அதைத்தான் அந்தத் தண்ணியை எறக்கப் பூனைக்கும் போடறாங்க, அளவுதான் கடுகளவு. துடிப்பை எண்ணணும்னா இடது முன்னங்கால் முட்டிக்குப் பின்னால விரலை லேசா வெச்சு 15 நொடி எண்ணி நாலால பெருக்குங்க. வீட்டுல சும்மா இருக்கும்போது 240ஐத் தாண்டினா, இல்ல எண்ணவே முடியலைன்னா, தள்ளிப் போடாதீங்க. அப்புறம், நாய் மாதிரி வாயைப் பொளந்து மூச்சு வாங்கற பூனை அடுத்த நாள் வரைக்கும் தாங்காது, அப்பவே கெளம்பணும். தூக்கி வெச்சு அமுக்கி வாயில தண்ணி ஊத்தாதீங்க. கூடையில வெச்சு மூடி, இருட்டா, சத்தமில்லாம கொண்டு போங்க. முடிஞ்சா விழுந்து கெடக்கிறதைக் கைப்பேசியில அரை நிமிஷம் படம் பிடிச்சு வெச்சுக்கங்க. ஆஸ்பத்திரிக்குப் போனதும் எந்தப் பூனையும் நல்லா ஆயிட்ட மாதிரி நடிக்கும்.

கவர்ன்மென்ட்டுக்கிட்ட நான் கேக்கறது பெருசில்ல. ஊருக்கு ஊர் எக்கோ மிஷின் வைங்கன்னு கேக்கல. மருந்தகத்துக்கு வர்ற பூனையோட பேரை நோட்டுல எழுதணும். பார்க்க வசதி இல்லைன்னா எங்க போகணும்னு ஒரு சீட்டு எழுதிக் குடுக்கணும். வட்டாரத்துக்கு ஒரு மருந்தகத்துலயாவது ஈ.சி.ஜி. பெட்டி ஒண்ணு இருக்கணும். மாட்டுக்கும் நாய்க்கும் அதே பெட்டி ஆகும், வீணாப் போகாது. ஊருக்குள்ள நடக்கிற கால்நடை முகாம்ல கடைசி ஒரு மணி நேரத்தைப் பூனைக்கு ஒதுக்கினாக்கூடப் போதும், மாடெல்லாம் போன பொறவு வர்றோம். பயந்த பூனையை மாட்டுக் கூட்டத்துக்கு நடுவுல வெச்சு எண்ணினா எந்த நெஞ்சும் 240தான் காட்டும்.

இதையெல்லாம் ஒரு மனுவா எழுதி வெச்சிருக்கேன். அக்டோபர் 2 கிராம சபையில குடுக்கறதா இருக்கேன். இதுவரைக்கும் பதினோரு கையெழுத்து. அந்த ரெண்டு குடும்பத்துல ஒரு வீட்டுக்காரம்மா போட்டுட்டாங்க, இன்னொரு வீட்டுக்கு நாளைக்குப் போகணும். நம்ம ஊர்க்காரங்க போடறதா இருந்தா சாயங்காலம் பால் ஊத்திட்டு ஆறரை மணிக்கு மேல தோட்டத்துக்கு வாங்க. அதுக்கு முன்னால வந்தா நான் கட்டுத்தறியில இருப்பேன்.